முகத்தைப் பக்குவப்படுத்துதல்: அழகியல் சிகிச்சைக்கு முன் ரெட்டினாய்டுகள்

முகத்தில் கெமிக்கல் பீல், டெர்மாப்ரேஷன், லேசர் போன்ற சிகிச்சைகளைச் செய்வதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே களிம்பு பூசித் தோலைத் தயார்செய்வதைத் தோல் மருத்துவர்கள் ‘பிரைமிங்’ என்கிறார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பவர் முதலில் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, மேற்பரப்பைச் சமப்படுத்திய பிறகே தூரிகையைத் தொடுகிறார். தோலுக்கும் அப்படியொரு முன்வேலை தேவைப்படுகிறது. ஆனால் சுவர் உயிரற்றது. தோல் தன்மேல் நடப்பதற்கெல்லாம் எதிர்வினை காட்டும். அதனால் இங்கே எதைப் பூசுவது என்ற கேள்வியோடு, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. இந்த முன்வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்துகள் ரெட்டினாய்டுகள், அதாவது வைட்டமின் ஏ குடும்பத்துப் பொருள்கள்.

மேல்தோலின் உச்சியில் இருப்பது இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய ஒரு மெல்லிய படலம். உடம்பின் நீர் வெளியேறாமலும் வெளிப்பொருள் உள்ளே நுழையாமலும் காப்பது அதுதான். இந்தப் படலம் முகம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மூக்கின் ஓரத்தில் எண்ணெய்ப் பசையோடு தடித்திருக்கும். கண்ணுக்குக் கீழே மிக மெல்லியதாக இருக்கும். பல ஆண்டு வெயில் பட்ட நெற்றியிலும் கன்ன மேட்டிலும் சொரசொரத்துச் செதில் கட்டியிருக்கும். இப்படிப்பட்ட முகத்தில் அமிலத்தைத் தடவினால் மெல்லிய இடத்தில் அது ஆழமாக இறங்கும், தடித்த இடத்தில் மேலோடு நின்றுவிடும். சிகிச்சை முடிந்த பிறகு முகம் திட்டுத்திட்டாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பீல், டெர்மாப்ரேஷன், லேசர் மூன்றும் வழியில் வேறுபட்டாலும் அடிப்படையில் ஒன்றுதான்: அளந்து செய்யப்படும் காயம். ஒன்று அமிலத்தால், ஒன்று சுழலும் கம்பித் தூரிகையாலோ வைரத் துகள் பதித்த சக்கரத்தாலோ, ஒன்று வெப்பத்தால் மேலடுக்குகளை நீக்குகிறது. நீக்கிய இடத்தில் புதிய தோல் வளர்வதுதான் பலன். அந்தப் புதிய தோல் பெரும்பாலும் மயிர்க்கால்களின் சுவர்களிலிருந்து படர்ந்து வருகிறது. முகத்தில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நெருக்கமாக இருப்பதால் முகக்காயம் சீக்கிரம் மூடுகிறது. அவை குறைவாக உள்ள கழுத்தும் முன்கையும் மெதுவாக ஆறுகின்றன. முகத்தில் துணிந்து பயன்படுத்தும் அமில வலிமையைக் கழுத்தில் பயன்படுத்த அனுபவமுள்ள மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான். காயம் ஆறுவதற்குக் கூடுதல் நாள் பிடித்தால் தொற்று, வடு, கருமை மூன்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆறும் காலத்தை ஒருநாள், இரண்டுநாள் குறைக்கும் எந்த வழியும் அதனால் மதிப்புள்ளது.

ரெட்டினாய்டு என்பது ஒரு மருந்தின் பெயரல்ல, ஒரு குடும்பப் பெயர். அழகுசாதனக் கிரீம்களில் இருக்கும் ரெட்டினால் அதில் மென்மையான உறுப்பினர். அது தோலுக்குள் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாறிய பிறகே வேலை செய்கிறது. வழியில் பெரும்பகுதி வீணாகிவிடுவதால் அதன் விளைவு மெதுவானது. டிரெட்டினாயின் என்பது அந்த ரெட்டினாயிக் அமிலமேதான். மாற்றம் எதுவும் தேவைப்படாமல் நேரே செயல்படுகிறது. அடாபலீன், டசாரோட்டீன், டிரைஃபரோட்டீன் ஆகியவை ஆய்வகத்தில் செய்த பிற்காலச் சேர்மங்கள். பிரைமிங் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை டிரெட்டினாயினை வைத்தே நடந்தவை. ஆகவே அந்த முடிவுகளை ரெட்டினால் சீரத்துக்கு அப்படியே பொருத்திப் பேசுவது சரியாகாது.

இந்த மருந்தின் வரலாறு முகப்பருவில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1960களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் குண்டர் ஸ்டூட்கன் தோல் தடித்துச் செதிலாகும் நோய்களுக்கு வைட்டமின் ஏ அமிலத்தை வெளிப்பூச்சாகப் பயன்படுத்திப் பார்த்தார். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கிளிக்மனும் உடன் பணியாற்றியவர்களும் அது முகப்பருவுக்குப் பயன்படுவதை 1969இல் வெளியிட்டார்கள். 1971இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை அங்கீகரித்தது. பருவுக்காகப் பல ஆண்டு பூசிக்கொண்ட நடுவயதுப் பெண்களின் முகத்தில் சுருக்கமும் சொரசொரப்பும் குறைந்திருந்ததைக் கவனித்ததிலிருந்து அடுத்த கட்டம் பிறந்தது. வெயிலால் மூப்படைந்த தோலுக்கு டிரெட்டினாயின் பயன்படும் என்ற ஆய்வுக் கட்டுரை 1986இல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் போலிக் களிம்போடு ஒப்பிட்டு அதை உறுதிசெய்தார்கள்.

இந்த மருந்தைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கிளிக்மன் கைதிகள்மேல் பல வகைப் பரிசோதனைகளை நடத்தினார். டிரெட்டினாயினின் தொடக்ககாலச் சோதனைகளும் அங்கே நடந்தன. அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தங்கள் உடம்பில் பூசப்படுவது என்ன, அதனால் என்ன நேரலாம் என்பது அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. சிறையில் காசுக்கு வேறு வழியில்லாதவர்களின் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. பிலடெல்பியா நகர நிர்வாகம் 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது. இன்று உலகெங்கும் குளியலறை அலமாரிகளில் இருக்கும் சிறு ட்யூபுக்குப் பின்னால் அந்த மனிதர்களின் முதுகுகள் இருக்கின்றன. மருந்தின் பயனைச் சொல்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது பயன்பாட்டுக்குப் பல ஆண்டுகள் பிறகே தெளிந்தது. 1987இல் பிரான்சில் பியர் ஷாம்போனின் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸின் குழுவும் ரெட்டினாயிக் அமிலத்துக்கான ஏற்பியைத் தனித்தனியாகக் கண்டறிந்தன. அந்த ஏற்பி செல்லின் உட்கருவில் இருக்கிறது. ரெட்டினாயிக் அமிலம் அதில் போய்ப் பொருந்தியதும் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில அடங்குகின்றன. எனவே டிரெட்டினாயினைத் தோலை உரிக்கும் ஒரு காரப்பொருள் என்று நினைப்பது தவறு. செதில் உதிர்வது கண்ணுக்குத் தெரியும் பக்கவிளைவு. உள்ளே செல்களின் வளர்ச்சி முறையே மாறிக்கொண்டிருக்கிறது.

மேலே உள்ள இறந்த செல் படலம் இறுகி மெலிகிறது. செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்கிறது. அதற்குக் கீழே, உயிருள்ள மேல்தோல் தடிக்கிறது. முதல் பார்வைக்கு முரணாகத் தெரியும் இந்த இரட்டை மாற்றம்தான் பிரைமிங்கின் உயிர்நாடி. அமிலம் நுழையும் வாசல் முகமெங்கும் ஒரே அளவாகிறது. காயம் பட்ட பிறகு அதை மூட வேண்டிய செல்களோ ஏற்கெனவே பெருகும் வேகத்தில் இருக்கின்றன. அடித்தளத்திலிருந்து ஒரு செல் மேலே வந்து உதிரச் சாதாரணமாகச் சுமார் 4 வாரம் ஆகும், வயதானால் இன்னும் கூடும். டிரெட்டினாயின் அந்தப் பயணத்தை விரைவுபடுத்துகிறது. அதனால் நிறமித் துகள்கள் ஓரிடத்தில் தேங்கி நிற்காமல் பரவலாகி வேகமாக உதிர்கின்றன. உள்தோலில் கொலாஜன் சிதைவதை அது தடுக்கிறது, புதிய கொலாஜன் உருவாவதையும் தூண்டுகிறது. ஆனால் இந்த உள்தோல் மாற்றத்துக்கு மாதக்கணக்கு வேண்டும். இரண்டு வாரப் பிரைமிங்கில் அதை எதிர்பார்க்க முடியாது.

டெர்மாப்ரேஷனுக்கு முன் டிரெட்டினாயின் பூசுவது பற்றிய முக்கியமான கட்டுரையை ஸ்டீபன் மாண்டி 1986இல் வெளியிட்டார். குறைந்தது 2 வாரம் 0.05 சதவீத டிரெட்டினாயின் பூசியவர்களுக்கு 5 முதல் 7 நாளில் தோல் மூடியது; பூசாதவர்களுக்கு 7 முதல் 11 நாள் ஆனது. வெள்ளைக் கொப்புளங்கள்போல் வரும் மிலியாவும் பின்னர் வரும் கருமையும் குறைந்ததாகவும் அதில் சொல்லப்பட்டது. கட்டுப்பாடுகள் இறுக்கமில்லாத ஆய்வுதான். ஆனாலும் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றியது.

மூன்று ஆண்டு கழித்துப் பன்றித் தோலில் செய்த ஒரு சோதனையே இந்தத் துறையின் திறவுகோல். மனிதத் தோலுக்கு மிக நெருக்கமானது என்பதால் காய ஆய்வுகளுக்குப் பன்றியின் தோலைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். டிரெட்டினாயினை முன்கூட்டியே பூசிவிட்டு, காயம் உண்டாக்கியதும் நிறுத்தியபோது காயம் விரைவாக மூடியது. காயத்துக்குப் பிறகும் தொடர்ந்து பூசியபோது ஆறுவது தாமதப்பட்டது. அதே மருந்து, அதே தோல். காயத்துக்கு முன் துணை, பின் தடை. ‘முன்பு பூசியது நல்லது என்றால் பின்பும் பூசுவது இன்னும் நல்லதுதானே’ என்ற எண்ணம் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, சில அழகு நிலையங்களுக்கும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு விடை 1989லேயே கிடைத்துவிட்டது.

1991இல் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலப் பீலுக்கு முன் டிரெட்டினாயினைச் சோதித்தார்கள். வெயிலால் சேதமடைந்த தோலுள்ளவர்களுக்கு ஒரு பக்கம் 0.1 சதவீத டிரெட்டினாயின், மறு பக்கம் மருந்தில்லாத களிம்பு என 14 நாள் பூசச் செய்து, பிறகு 35 சதவீத அமிலம் தடவினார்கள். எந்தப் பக்கம் எது என்பது பூசியவருக்கும் தெரியாது, பார்த்தவருக்கும் தெரியாது. மருந்து பூசிய பக்கம் விரைவாக ஆறியது. அமிலம் தடவியதும் தோன்றும் வெண்மையும் அந்தப் பக்கம் சீராகவும் அழுத்தமாகவும் படிந்தது. அமிலம் தோலின் புரதத்தை உறையச் செய்வதால் வரும் இந்த வெண்மையைப் பார்த்துத்தான் மருத்துவர் ஆழத்தைக் கணிக்கிறார். அது சீராகப் படிந்தால் கணிப்பும் நம்பகமாகும். அழுத்தமாகப் படிந்தது என்பதை மட்டும் எச்சரிக்கையாகவும் வாசிக்க வேண்டும். பக்குவப்பட்ட தோலில் அதே வலிமையுள்ள அமிலம் ஆழமாக இறங்குகிறது என்பதே அதன் பொருள். டிரெட்டினாயின் பூசிவந்தவருக்கும் பூசாதவருக்கும் ஒரே கணக்கில் அமிலம் தடவுவது ஆபத்து.

லேசருக்கு வந்தபோது கதை மாறியது. கார்பன் டை ஆக்சைடு லேசர் மேல்தோல் முழுவதையும் ஆவியாக்கிவிடுகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு 100 பேரைப் பார்த்தது. சிலர் லேசருக்கு முன் கிளைகோலிக் அமிலக் கிரீம் பூசினார்கள், சிலர் நிறமி உண்டாவதைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் பூசினார்கள், சிலர் எதுவும் பூசவில்லை. பின்னால் வந்த கருமையில் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2004இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் முன்கைத் தோலில் செய்த சோதனையிலும் லேசருக்கு முன் பூசிய டிரெட்டினாயின் கொலாஜன் உற்பத்தியையும் கூட்டவில்லை, ஆறும் வேகத்தையும் கூட்டவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? அமிலம் தோலின் மேற்பரப்பை ஊடுருவியாக வேண்டும். அந்தப் பரப்பின் நிலையே அதன் ஆழத்தை முடிவு செய்கிறது. லேசருக்கு அந்தத் தடை பொருட்டில்லை. தண்ணீர் உள்ள இடத்தையெல்லாம் அது சூடாக்கி ஆவியாக்கும். பக்குவப்படுத்திய மேல்தோலே ஆவியாகிவிட்டபின் அதில் செய்த வேலை எங்கே நிற்கும்? பின்னர் கருமையை உண்டாக்கும் நிறமிச் செல்கள் மயிர்க்கால்களின் ஆழத்திலிருந்து வருகின்றன. மேலே பூசிய களிம்பு அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. பீலுக்குப் பிரைமிங் ஏறக்குறைய கட்டாயம் என்றும், முழுமையாக மேல்தோலை நீக்கும் லேசருக்கு அது கட்டாயமில்லை என்றும் பிரித்துச் சொல்வதே ஆதாரத்துக்குப் பொருந்துகிறது. எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே ட்யூபை எழுதிக்கொடுப்பது பழக்கத்தால் வருவது.

மேலே சொன்ன ஆய்வுகள் நடந்த நாடுகளில் வெளிர்நிறத் தோல் உள்ளவர்களே அதிகம். வெயிலில் தோல் சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதை வைத்துத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த பட்டியல் முதலில் வெள்ளைத் தோலுக்கே எழுதப்பட்டது. பழுப்பும் கறுப்பும் பிறகுதான் 5, 6ஆம் வகைகளாகச் சேர்ந்தன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் 4, 5ஆம் வகைகளில் வருகிறார்கள். இந்தத் தோல் சுருக்கம் விழத் தாமதிக்கும். அது அதன் வரம். ஆனால் சிறு எரிச்சலுக்கும் கருமையால் பதில் சொல்லும். பருவைக் கிள்ளிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதைப் பார்க்காத வீடு இல்லை. இங்கே பீல் செய்ய வருபவர்களின் முதல் குறையும் சுருக்கமல்ல. மங்கு, பருத் தழும்பு, வெயில் கருமை ஆகியவைதான். எந்தக் கருமையைப் போக்க வந்தார்களோ அதே கருமையை அமிலமே உண்டாக்கிவிடும் அபாயம் இவர்களுக்குத்தான் அதிகம். அதனால் இந்தத் தோலுக்குப் பிரைமிங்கின் முதல் நோக்கம் நிறமிச் செல்களை அமைதிப்படுத்துவது. சீக்கிரம் ஆறுவது அதற்கு அடுத்தது.

இந்தக் கேள்வியை டெல்லியின் தோல் மருத்துவர்கள் நேரடியாகவே எடுத்துக்கொண்டார்கள். மங்குக்குப் பீல் செய்யும் முன் ஒரு குழுவுக்கு 2 சதவீத ஹைட்ரோகுவினோனும் மற்றொரு குழுவுக்கு 0.025 சதவீத டிரெட்டினாயினும் பூசிப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன் பூசியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது, பீலுக்குப் பிந்தைய கருமையும் குறைந்தது. கிளைகோலிக் அமிலப் பீலை வைத்து 2008இல் வந்த மற்றொரு டெல்லி ஆய்வும் அதே திசையைக் காட்டியது. டிரெட்டினாயின் நிறமியை விரைவாக உதிர்க்கும். ஹைட்ரோகுவினோனோ நிறமி உண்டாவதையே தடுக்கும். மங்கு உள்ள பழுப்புத் தோலுக்கு ரெட்டினாய்டு மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பருவும் பருக்குழியும் முதன்மையாக இருப்பவருக்கு ரெட்டினாய்டு முன்னால் நிற்கலாம். மங்கு முதன்மையாக இருப்பவருக்கு அது துணைக்கு நிற்க வேண்டிய மருந்து. ஹைட்ரோகுவினோனையும் கணக்கில்லாமல் நீட்டிக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் பூசினால் ஓக்ரோனோசிஸ் என்ற நீலக்கருமை தோலிலேயே படிந்து, போக்குவது கடினமாகிவிடும்.

டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்த கலவையையும் கிளிக்மனே 1975இல் அறிமுகப்படுத்தினார். குறுகிய காலத்துக்கு, மருத்துவர் பார்வையில், மங்குக்கு அது நல்ல மருந்து. ஆனால் இந்தியாவில் மோமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்த முக்கலவைக் கிரீம்கள் ‘வெள்ளையாக்கும் கிரீம்’ என்று மருந்துக்கடையில் கேட்டதும் கொடுக்கப்பட்டு, முகப்பூச்சுபோல ஆண்டுக்கணக்கில் பூசப்பட்டன. தோல் கண்ணாடிபோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, கிரீமை நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும் நிலை வந்தவர்களைத் தோல் மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். 2018இல் இந்திய அரசு வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் கொண்டுவந்தது. ஆனாலும் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. இப்படி ஸ்டீராய்டால் மெலிந்த முகத்துக்குப் பீல் செய்யக் கூடாது. பீலுக்கு முன் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதுவரை என்னென்ன கிரீம் பூசினீர்கள்?’ என்பதுதான். வெட்கத்தாலோ பயத்தாலோ அந்த விடையை மறைப்பவர் தன் முகத்தையே பணயம் வைக்கிறார்.

பூசும் முறைக்கு வந்தால், பிரைமிங்குக்கு 2 முதல் 4 வாரம் வழக்கம். கருமை எளிதில் வரும் தோலுக்கு நான்கை ஒட்டியே வைப்பது நல்லது. டிரெட்டினாயின் 0.025 சதவீதத்தில் தொடங்குவது பாதுகாப்பானது. தோல் தாங்கினால் 0.05 சதவீதத்துக்கு உயர்த்தலாம். வெளிச்சத்தில் அது சிதைந்துவிடும் என்பதால் இரவில் பூச வேண்டும். முகத்தை மென்மையான சோப்பால் கழுவி, ஒத்தியெடுத்து, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, சுமார் 20 நிமிடம் கழித்து, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லப் பரப்ப வேண்டும். ஈரமான தோலில் மருந்து வேகமாக இறங்கி எரிச்சலைக் கூட்டும். பருவின்மேல் மட்டும் புள்ளி வைப்பதும், சீக்கிரம் பலன் வேண்டும் என்று பட்டாணியை நெல்லிக்காய் ஆக்குவதும் பயன் தராது. கண் இமை, மூக்கு மடிப்பு, உதட்டோரம் ஆகிய இடங்களை விட்டுவிட வேண்டும். பென்சாயில் பெராக்சைடைப் பழைய வகை டிரெட்டினாயினோடு ஒரே நேரத்தில் பூசினால் டிரெட்டினாயின் சிதைந்துபோகும். பருவுக்கு இரண்டும் தேவையென்றால் ஒன்று காலை, ஒன்று இரவு.

முதல் சில வாரங்களில் சிவப்பு, எரிச்சல், மாவு பூத்ததுபோல் செதில் உதிர்வது எல்லாம் வரும். மருந்து வேலை செய்கிறது என்று இதைச் சிலர் கொண்டாடுகிறார்கள். வெளிர் தோலில் அது சில நாள் சிவப்போடு போய்விடலாம். பழுப்புத் தோலில் இந்த எரிச்சலே கருமைக்கு விதை. பீல் தொடங்கும் முன்பே பிரைமிங் கறுக்கவைத்துவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குவது, முதலில் மாய்ஸ்சரைசர் பூசி அதன்மேல் மருந்தைப் பூசுவது, எரிந்தால் சில இரவு நிறுத்திவிட்டுத் தொடர்வது என்று மெல்லப் போக வேண்டும். டிரெட்டினாயினைத் தாங்காதவருக்கு அடாபலீன் 0.1 சதவீதம் உதவும். அது வெளிச்சத்தில் சிதையாது, எரிச்சலும் குறைவு. ஆனால் பீலுக்கு முந்தைய பயன்பாட்டில் அதற்குள்ள ஆய்வு அனுபவம் டிரெட்டினாயினுக்கு உள்ள அளவு இல்லை. பகலில் குறைந்தது எஸ்.பி.எஃப் 30 உள்ள சன்ஸ்கிரீன் இல்லாமல் இந்த முயற்சியில் இறங்கவே கூடாது. இரு சக்கர வண்டியில் நண்பகலில் போகிறவருக்குக் காலை ஒருமுறை பூசியது மதியம்வரை நிற்காது.

கருவுற்றவர்களும் கருவுற முயல்பவர்களும் வெளிப்பூச்சு ரெட்டினாய்டுகளைத் தவிர்ப்பதே மரபு. டசாரோட்டீன் கர்ப்பகாலத்தில் முற்றிலும் விலக்கப்பட்டது. திருமணத்துக்கு முன் பீல் செய்துகொண்டு திருமணத்துக்குப் பிறகும் அதே கிரீமைத் தொடர்பவர்களிடம் இதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களின் நிலை வேறு. அந்த மாத்திரையை நிறுத்தி 6 மாதமாவது ஆகாமல் எந்த முகச் சிகிச்சையும் கூடாது என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்தது. 2017இல் வெளியான நிபுணர் குழுப் பரிந்துரை, மேலோட்டமான பீலுக்கும் சில லேசர்களுக்கும் அப்படித் தள்ளிப்போட ஆதாரம் போதாது என்று சொன்னது. கருவியால் தேய்க்கும் டெர்மாப்ரேஷனுக்கும் முகம் முழுவதும் மேல்தோலை நீக்கும் லேசருக்கும் பழைய எச்சரிக்கை இன்னும் நிற்கிறது. மாத்திரைக்குரிய இந்த விதியைக் களிம்புக்கும், களிம்புக்குரிய விதியை மாத்திரைக்கும் மாற்றிச் சொல்வது அடிக்கடி நடக்கும் குழப்பம்.

நிறுத்தும் காலம் தொடங்கும் காலத்தைவிட முக்கியம். பீலுக்கு 3 முதல் 5 நாள் முன்பு ரெட்டினாய்டை நிறுத்துவது இந்தியத் தோல் மருத்துவர்களிடம் உள்ள பொதுவான வழக்கம். எளிதில் சிவக்கும் தோலுக்கு ஒரு வாரம் வரை நீட்டுவதுண்டு. மேல்தோலின் காப்பு ஓரளவு மீண்டுவரவும் சிவப்பு அடங்கவும் அந்த இடைவெளி தேவை. செல்களுக்குக் கிடைத்த வேகமோ ஓரிரு நாளில் போய்விடாது. அந்த நாள்களில் பார்லருக்குப் போகக் கூடாது. ரெட்டினாய்டு பூசிய தோலில் செல்பிணைப்பு தளர்ந்திருப்பதால் மேலுதட்டு வேக்சிங்கில் முடியோடு தோலும் பட்டையாக உரிந்து வரும். த்ரெட்டிங், ஸ்க்ரப், பிளீச், முகச்சவரம் எல்லாமே சில நாள் தள்ளி நிற்க வேண்டியவை. கடலை மாவும் எலுமிச்சைச் சாறும் கலந்த வீட்டுப்பூச்சும் அப்படியே. அது இயற்கையானது என்பதற்காக அமிலம் அமிலமில்லாமல் போய்விடாது.

சிகிச்சை நாளில் முகத்தில் சிவப்போ, உரிந்த செதிலோ, கீறலோ, உதட்டோரத்தில் அக்கிக் கொப்புளமோ இருந்தால் அன்றைக்குப் பீல் இல்லை என்று திருப்பி அனுப்புவதே சரி. அமிலம் உரிந்த இடத்தில் கத்திபோல் இறங்கும். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், இன்றே முடித்துவிடுங்கள் என்று கேட்பவரிடம் மறுப்பது எளிதல்ல. ஆனாலும் மறுத்தாக வேண்டும். நெற்றியில் விழுந்த ஒரு திட்டு நிச்சயதார்த்தத்துக்கும் இருக்கும், கல்யாணத்துக்கும் இருக்கும்.

பீல் முடிந்த பிறகு பன்றித் தோல் சோதனையின் பாடம் நடைமுறைக்கு வருகிறது. புதிய தோல் முழுதாக மூடும்வரை ரெட்டினாய்டு கூடாது. மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டுமே. உரியும் தோலை விரலால் பிய்ப்பதும் கூடாது. மேலோட்டமான பீலென்றால் உரிதல் நின்று எரிச்சலும் அடங்கியபின், பெரும்பாலும் ஒரு வாரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் மறுபடி தொடங்கலாம். நடுத்தர ஆழப் பீலுக்கும் டெர்மாப்ரேஷனுக்கும் சில வாரம் பொறுக்க வேண்டும். தோல் மூடிய பிறகும் இளஞ்சிவப்பு நீடிக்கும்போது டிரெட்டினாயின் அதை நீட்டிக்கவே செய்யும்.

மேலோட்டமான பீல்கள் 2 முதல் 4 வார இடைவெளியில் தொடராகச் செய்யப்படுகின்றன. இரண்டு வார இடைவெளியில் முதல் வாரம் ஆறுவதற்கும் கடைசி 3 முதல் 5 நாள் நிறுத்துவதற்கும் போனால் நடுவில் மிஞ்சுவது இரண்டு முதல் நான்கு இரவுகள்தான். அத்தனை குறுகிய நாளுக்காகத் தோலைக் கிளறுவதைவிட, அந்தத் தொடர் முழுவதும் ரெட்டினாய்டை ஒதுக்கிவைத்து, கடைசிப் பீலின் புண் ஆறியபின் நிதானமாக மறுபடி கையில் எடுக்கலாம். நான்கு வார இடைவெளி இருந்தால் நடுவில் பத்து இரவுகளுக்கு மேல் பூச இடம் கிடைக்கிறது. அங்கே நிறுத்துவதும் தொடங்குவதுமாகத் தொடரலாம். எந்த இரவில் பூசியது, எந்த இரவில் விட்டது என்று நோயாளி ஒரு நாள்காட்டியில் குறித்துவந்தால், அடுத்த பீலின் வலிமையை முடிவுசெய்ய மருத்துவருக்கு அதைவிட நல்ல குறிப்பு வேறில்லை.